அருகம்புல்லும் பதினெட்டுக் குழிகளும்

ஆனி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். மேலகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே மலை இருந்த இடம் தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கிவிட்டிருந்தது. செங்கோட்டைக் கணவாய்க்குள் நுழைந்து வரும் காற்று சாரலை வாரிக்கொண்டு வந்து முகத்தில் தெளித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் சீசனுக்கு வந்திருந்தான். கம்பெனி நண்பர்களோடு சேர்ந்து இரண்டு வருஷமாகக் கோல்ஃப் ஆடுகிறான்.

"மாமா, ஊட்டியில இருக்கு, கொடைக்கானல்ல இருக்கு. இவ்வளவு நல்ல ஊரு, குத்தாலத்துல மட்டும் ஏன் ஒரு கோல்ஃப் கோர்ஸ் இல்ல?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் ஊருக்குத் திரும்பிய பிறகும் கேள்வி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷம் அதன் பின்னாலேயே போனேன். படித்தேன், மலை ஏறினேன், மைதானங்களை நடந்து பார்த்தேன், ஆடுகிறவர்களைவிடப் பை தூக்குகிறவர்களோடு அதிகம் பேசினேன். அவனுக்கு நான் சொல்லவேண்டிய பதில் இது.

எங்களுக்குச் சீசன் என்றால் ஒன்றுதான். ஆனி, ஆடி, ஆவணியில் அருவி விழும் காலம். வெயிலுக்குத் தப்பி மலை ஏறுகிற ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சித்திரை, வைகாசிதான் சீசன். இலங்கையின் நுவரெலியாவிலும் ஏப்ரல்தான். அந்த ஒரு மாதம் குதிரைப் பந்தயமும் பூக்காட்சியுமாக ஊர் நிறைந்துவிடும். ஊரின் நடுவே 1889-இல் தொடங்கிய கோல்ஃப் மைதானம். உலகக் கோல்ஃப் ஆண்டின் பெரிய போட்டிகளும் ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டாவில் தொடங்கி ஜூலையில் பிரிட்டனின் ஓபன் போட்டியோடு முடிகின்றன. வட இந்தியச் சமவெளியில் நவம்பர் முதல் மார்ச் வரை, குளிர் இருக்கும் வரைதான் சுகமாக ஆடலாம். ஆட்டம் ஒன்றுதான். காலத்தைக் குறிப்பது அந்தந்த ஊர் வானம்.

குற்றாலத்துக்கு வெள்ளைக்காரர்கள் வராமல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையை ஆண்ட துரைமார் சாரல் காலத்தில் இங்கேதான் வந்து தங்கினார்கள். பங்களாக்கள் இருந்தன. ஜாதிக்காய், கிராம்பு போன்ற வாசனைப் பயிர்களுக்குத் தோட்டம் போட்டார்கள். தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் 1830-களில் இங்கே தங்கிச் செடிகொடிகளைச் சேகரித்து, குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆனால் கோல்ஃப் தென்னிந்திய மலைகளில் ஏறியது அந்த நூற்றாண்டு முடிகிற நேரத்தில். கல்கத்தாவில் 1829-இலேயே கிளப் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் அதுதான். பெங்களூருக்கு 1876-இல் வந்தது. கொடைக்கானல் கிளப் 1895, ஊட்டி ஜிம்கானா 1896. அதற்குள் துரைமாரின் கோடை ஏழாயிரம் அடிக்கு மேலே குடியேறிவிட்டது. குற்றாலமோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 அடிதான்.

மழையைக் காரணம் சொல்ல மாட்டேன். ஸ்காட்லாந்துக்காரனுக்குச் சாரலில் ஆடுவது புதிதில்லை. அவன் ஊர்க் கடற்கரையில் காற்றும் தூறலும் சேர்ந்தே வரும். குற்றாலத்துக் காற்றில் நின்றால் அவனுக்கு ஊர் நினைப்பு வந்திருக்கும். காரணத்தை நிலத்தில்தான் தேட வேண்டும்.

கோல்ஃப் மைதானம் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் இது புரியும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே மணல்மேடுகள் கிடந்தன. பயிர் விளையாத நிலம். ஆடு மேயும், முயல் வளை தோண்டும். குளிர்காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துப் பள்ளமான இடங்கள்தான் பின்னால் பங்கர் எனும் மணற்குழிகளாயின என்பார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் முதலில் ஒரு சுற்றுக்கு 22 குழி. 1764-இல் சில குழிகளைச் சேர்த்து 18 ஆக்கினார்கள். உலகம் முழுக்க அந்த எண்ணே நிலைத்துவிட்டது. அந்தப் பழைய மைதானத்தை ஒருவர் உட்கார்ந்து வரைபடம் போட்டு உருவாக்கவில்லை. காற்று, ஆடு, கடல், ஆடுபவனின் கால் எல்லாம் சேர்ந்து வரைந்தது அது.

கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர்களில் முதலில் நிற்கும் பெயர் டாம் மோரிஸ் (1821–1908). பந்து செய்யும் பட்டறையில் எடுபிடியாகத் தொடங்கியவர். ஓபன் பட்டத்தை 4 முறை வென்றார். 1860-களிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸில் புல்தரையைப் பராமரிப்பதே அவர் வேலை. மணல் தூவினால் புல் செழிக்கும் என்று கண்டுகொண்டு, தூவிக்கொண்டே இருந்தார். ஊர் ஊராகப் போய் மைதானம் அமைக்கக் கூப்பிட்டபோதும் அவர் செய்தது பெரும்பாலும் ஒன்றுதான்: நிலத்தை நடந்து பார்ப்பார், இயல்பாகப் பந்து உருளும் இடத்தில் குச்சி நடுவார். தோட்டக்காரர் ஒருவரை ஒரு கலையின் தந்தை என்று உலகம் ஏற்றுக்கொண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

அவருக்குப் பின் வந்தவர்களில் அலிஸ்டர் மெக்கன்சி ஒரு டாக்டர். தென்னாப்பிரிக்காவின் போயர் போரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது, எதிரிகள் பதுங்குகுழியை மண்ணோடு மண்ணாக மறைத்து வைத்த விதத்தைக் கவனித்தார். அந்தப் பாடத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்தார். செயற்கையாக எழுப்பிய மேடும் இயற்கை மேடுபோலவே தெரிய வேண்டும் என்றார். அகஸ்டா மைதானம் கோல்ஃப் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அவர் உருவாக்கியது. 1934 ஜனவரியில் அவர் இறந்துபோனார். அங்கே முதல் போட்டி நடந்தது மார்ச் மாதத்தில்.

இந்தியாவுக்கு நெருக்கமானவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். ஓபன் பட்டத்தை 5 முறை வென்றவர். இந்திய ஓபன் போட்டி 1964-இல் டெல்லியில் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர்; அந்த முதல் பட்டத்தை வென்றவரும் அவரே. லோடி காலத்துக் கல்லறை மண்டபங்களும் மயில்களும் நிறைந்த டெல்லி மைதானத்தை 1970-களில் திருத்தி அமைத்தார். பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம் அவர் வடிவமைத்தது. என் மருமகன் ஆடக் கற்றுக்கொண்டது அங்கேதான். அதை யார் வரைந்தார் என்று அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

இனி நம் மலைக்கு வருவோம். ஊட்டி மைதானம் கிடப்பது கிட்டத்தட்ட 7,600 அடி உயரத்தில், வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில். 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அந்தப் புல்வெளிக்கு. பெயர் வைப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அங்கே தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. மடிப்பு மடிப்பாக மேடு பள்ளம், பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். மழை பெய்தால் அந்தப் புல் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்குக் கொடுக்கும். ஸ்காட்லாந்துக்காரன் கண்ணுக்கு அது தன் ஊர் போலவே தெரிந்திருக்கிறது. மண்ணை வெட்டாமல், மேட்டை இடிக்காமல் குழி மட்டும் தோண்டினால் போதும். புல்வெளியின் மிச்சப் பகுதியில் பின்னாட்களில் தைலமரமும் சீகைமரமும் நட்டுக் காடாக்கிவிட்டார்கள். அந்த நிலத்தில் பழைய புல்வெளியின் உருவம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டுமானால் இன்று கோல்ஃப் மைதானத்தின் விளிம்பில்தான் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. தோடர்களின் இழப்பை அது ஈடுசெய்யாது.

எனக்கு மனசுக்கு ஒட்டியது கொடைக்கானல். பசுமைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனைக்குப் பக்கத்தில் அந்த மைதானம். நான் போன காலையில் மூடுபனி. புல்லில் பெரிய குளம்படிகள் பதிந்திருந்தன. இரவில் காட்டுமாடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போயிருக்கின்றன. அறுபது வயது தாண்டிய ஒருவர், தோளில் பையோடு நின்றார். ஆடுகிறவரின் பையைச் சுமந்து கூடவே நடப்பவரை கேடி என்பார்கள். நம் போலீஸ் ஸ்டேஷன் பாஷையில் கேடி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லால் அவரைக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. அண்ணே என்றேன்.

குழியிலிருந்து பத்தடி தூரத்தில் பந்து. ஆட வந்தவர் எந்தப் பக்கம் தட்டுவது என்று தெரியாமல் நின்றார். அண்ணன் பந்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். குழிக்கு அந்தப் பக்கம் போய் மறுபடி பார்த்தார். உள்ளங்கால் இரண்டையும் மெல்ல அழுத்தி, எந்தக் காலில் பாரம் இறங்குகிறது என்று கவனித்தார். பிறகு குழிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி ஒரு இடத்தை விரலால் காட்டினார்.

"கண்ணுக்கு எடது பக்கம் சரிவாத் தெரியும் சார். ஆனா தண்ணி பள்ளத்தாக்குப் பக்கம்தான் ஓடும். பந்தும் அங்கதான் போகும்."

பந்து அவர் விரல் காட்டிய இடத்துக்குப் போய், யோசித்ததுபோல் நின்று, திரும்பி உருண்டு குழிக்குள் விழுந்தது. குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர். ஒரு காப்பி டம்ளரைவிடக் கொஞ்சம் அகலம்.

"எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டேன்.

"மழை பெய்யுறப்ப இங்க நின்னிருக்கேன்ல," என்றார்.

இந்த ஒரு பதிலுக்காக நான் இன்னொரு தடவை மலை ஏறுவேன்.

ஊருக்கு வந்தபின் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. சமவெளியில், வெப்பமான நாடுகளில், கோல்ஃப் மைதானங்களில் வளர்க்கும் புல்லுக்கு பெர்முடா புல் என்று பெயர். அதன் அறிவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். நம் அருகம்புல்தான் அது! பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, மணமக்களை அருகுபோல் வேரோட வேண்டும் என்று வாழ்த்துகிறோமே, அதே புல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி அருகையும் ஆப்பிரிக்க வகை ஒன்றையும் இணைத்துப் புதிய கலப்புப் புற்களை உருவாக்கினார். அவற்றில் டிஃப்வே 1960-இல் வெளிவந்தது, குழிகளைச் சுற்றி மழுங்க வெட்டும் டிஃப்டுவார்ஃப் 1965-இல். இந்தக் கலப்புப் புல் விதை கொடுக்காது. கணு கணுவாகக் கிள்ளித்தான் நட வேண்டும். வயல் வரப்பில் அருகு பரவுகிற அதே விதம்.

இதை வயலில் நின்ற ஒரு அண்ணாச்சியிடம் சொன்னேன். மம்பட்டியால் வரப்பை அண்டை வெட்டி, அருகை வேரோடு செதுக்கி எறிந்துகொண்டிருந்தார். பத்து நாளில் மறுபடி முளைத்துவிடும் என்று அவருக்கும் தெரியும், அருகுக்கும் தெரியும்.

"இந்தப் புல்லையா துட்டு குடுத்து வளக்காவ?" என்று நிமிர்ந்தார். "தண்ணி எவ்வளவு விடுவாவ?"

நான் படித்த நூறு பக்கத்தில் யாரும் கேட்காத கேள்வியை அவர் முதல் மூச்சில் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டர் ஆகிறது. 18 குழி மைதானம் நூறு ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதில் 60 ஏக்கருக்கு மட்டும் பாய்ச்சினாலும் தினம் 12 லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து ஆள் ஒருவருக்குச் சொல்லும் அளவு 55 லிட்டர். அதாவது ஏறக்குறைய 22,000 பேரின் ஒரு நாள் தண்ணீர். மழையையும் பனியையும் நம்பி நிற்கும் கொடைக்கானல் போன்ற இடத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் மைதானங்களும் உண்டு, அதுவே முறையும்கூட. தண்ணீர் கிடைக்காத ஊர்களில் குழியைச் சுற்றிப் புல்லே இல்லாமல் மணலில் எண்ணெய் கலந்து மெழுகிய தரையிலும் ஆடியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் கிரீன் இல்லை, பிரவுன். அந்தப் பிரவுன் எனக்குப் பிடித்திருக்கிறது. நிலம் கொடுக்காததை அதனிடம் கேட்காத ஆட்டம் அது.

புல்லும் தண்ணீரும் நேருக்கு நேர் நின்ற இடம் சென்னை கிண்டி. குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு உள்ளே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்துசெய்து, சுமார் 160 ஏக்கரைக் கையகப்படுத்தியது. பசுமைப் பூங்காவும் வெள்ளநீரைத் தேக்கும் குளங்களும் அங்கே அமைப்பதாகத் திட்டம். விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. ஆடியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது; தலைமுறையாக நடந்த தரை அது. ஆனாலும் மழைக்கு மழை வேளச்சேரி முழங்கால் தண்ணீரில் நிற்பதைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த இடத்தில் குளம் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

இனி என் மருமகனின் கேள்விக்கு. குற்றாலம் பேரருவியில் விழும் சிற்றாறு எங்கள் ஊர்ப் பக்கம் வந்து, வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீர் கொடுத்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அணைக்கட்டு, கால், மடை, குளம், அதன் கீழே வயல் என்று இங்கே ஒவ்வொரு அடி சரிவுக்கும் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. எந்த வயலிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் இறங்கும் என்பதை யாரோ நடந்து பார்த்துத்தான் வரப்பு போட்டிருக்கிறார்கள். டாம் மோரிஸ் நிலத்தைப் படித்த மாதிரியே படித்திருக்கிறார்கள். எங்கள் மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலக் குறவஞ்சியில் மலையையும் அருவியையும் ஒரு குறத்தி வாயால் சொல்ல வைத்தார். மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் அந்த நூலுக்குப் பரிசாகக் கொடுத்தது நிலம். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர். பாட்டுக்கு நிலம் கொடுத்த ஊர் இது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு வயல்கள் ஒவ்வொன்றாக மனைக்கல் ஊன்றி நிற்பதைப் பார்க்கிறேன். அந்தக் கல்லைப் பார்க்கும்போது வருகிற வலி, இங்கே ஒரு மைதானத்தைக் கற்பனை செய்தாலும் வருகிறது. ஆட விரும்புகிறவர்கள் ஆரியங்காவு வழியாக மலை தாண்டினால் திருவனந்தபுரம் கவடியாரில் 9 குழி மைதானம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் காலத்திலிருந்து வருவது. அது போதும்.

இப்படிச் சொல்வதால் ஆட்டத்தின் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். இந்த ஒரு வருஷத்தில் அதன் மேல் ஆசை வந்துவிட்டது. வந்ததற்குக் காரணம் பை தூக்கினவர்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓபனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 1993-இல் மறுபடியும் வென்றார். கல்கத்தா மைதானத்தில் புல்தரை பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌரசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை. பெங்களூரில் தாம்சன் வடிவமைத்த அந்த மைதானத்தில் பை தூக்கிய சின்னசாமி முனியப்பா 2009-இல் வென்றார். தாம்சன் தொடங்கிவைத்த போட்டியை, தாம்சன் வரைந்த தரையில் பிறர் பையோடு நடந்து கற்ற பையன் வென்றிருக்கிறான். இலங்கையிலிருந்து வந்து இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் பட்டம் வென்ற என். தங்கராஜாவையும் இந்த வரிசையோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

வென்றவர்கள் கையளவு. மீதிப் பேர் நாட்டின் பல ஊர்களில் நாள்கூலிக்கு நடக்கிறவர்கள். ஆட்டம் இருந்தால் கூலி, மழை வந்தால் இல்லை. மைதானம் பராமரிப்புக்கு மூடியிருக்கும் திங்கட்கிழமையில் அவர்களை ஆடவிடும் வழக்கம் பல கிளப்களில் உண்டு. வாரத்தில் ஒரு நாள் என்பதைக் கூட்ட வேண்டும், அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்தத் தரையைத் திறக்க வேண்டும்.

கொடைக்கானலில் அன்று ஆட்டம் முடிந்து வெளியூர்க்காரர் கிளம்பிய பின், அண்ணனும் நானும் நின்றோம். பனி மறுபடி இறங்கிக் கொடிக்கம்பம் மறைந்துவிட்டது. "நீங்க ஒண்ணு அடிச்சுக் காட்டுங்கண்ணே," என்றேன். கூச்சப்பட்டார். பிறகு, பிடி தேய்ந்த ஒரு பழைய மட்டையைத் தன் சைக்கிளிலிருந்து எடுத்து வந்தார். நாலு புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார். பாதிக் கை ஓங்கி ஒரே வீச்சு. பந்து வெள்ளைக்குள் வெள்ளையாகப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மெத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"கொடிக்கு எடது பக்கம். ஆறடி இருக்கும்," என்றார்.

இருவரும் பனிக்குள் நடந்தோம். காட்டுமாட்டின் குளம்படி ஒன்றின் ஓரத்தில் பந்து கிடந்தது. அங்கிருந்து கொடிக்கு நான் காலடி அளந்தேன். ஏழு அடி.